முந்தானை செருகும் பொம்மை

மறதி நோயைத் தடுக்க நாங்கள் செய்த உடற்பயிற்சி வீடியோ கேம் நாளை விற்பனைக்கு வருகிறது. அதிலுள்ள பொம்மையின் அசைவுகள் என் மனைவி மலர்க்கொடியுடையவை. எந்த வேலையைத் தொடங்கினாலும் முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்வாள். சென்சார் உடையில் அசைவுகளைப் பதிவுசெய்த அன்றும், இல்லாத முந்தானையைச் செருகினாள். போன ஆவணியில் இறந்துபோனாள். பேன்ட் போட்ட பொம்மை இன்னும் செருகுகிறது.

“அதை மட்டும் வெட்டிடுங்க ப்ரோ. வாங்குறவங்க சிரிப்பாங்க,” என்றான் விற்பனையைப் பார்க்கும் ஜோயல். நான் எழுந்து ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்து, டெலீட் பட்டனில் விரலை வைத்தேன்.

பொம்மையைப் பார்த்துச் சோதனைக்காக ஆடிக்கொண்டிருந்த பெரியவர் அருளப்பன் எங்களைப் பார்த்தார்.

“அதை எடுத்துட்டா நான் எப்படித் தம்பி ஆரம்பிக்கிறது?”

அவர் கை பேன்ட்டின் இடுப்பில் எதையோ செருகிக்கொண்டிருந்தது.

பட்டனிலிருந்து விரலை எடுத்தேன். அவளைப் பார்த்துச் சிரிப்பார்களே என்று மறுபடி வைத்தேன்.