கைமணம்

நிலாத் தளத்தில் மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டு வீடு திரும்பிய மதிவதனி, முதல் காரியமாக இட்லிக்கு மாவாட்டி, உப்புப் போட்டுக் கையால் கரைத்து வைத்தாள்.

மறுநாள் மகள் யாழினி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "இது அம்மா இட்லி இல்லப்பா."

மதிவதனியின் முகம் வாடிவிட்டது. தளத்தில் தினமும் கிருமிநாசினியில் ஊறிய கைகளில், மாவுக்கு மணம் தரும் நுண்ணுயிர் ஒன்றுகூட மிச்சமில்லை.

கணவன் சேந்தன் ஃபிரிட்ஜிலிருந்து ஒரு கிண்ணம் மாவை எடுத்து வந்தான். "நீ கிளம்புன அன்னிக்குக் கரைச்ச மாவு. கொஞ்சம் கொஞ்சமா புது மாவுல கலந்து, உன் கைமணத்தை இன்னிக்கு வரைக்கும் சாக விடல. இதைப் புது மாவுல ஊத்தி நீயே கரை."

அவள் மணிக்கட்டு வரை கையை விட்டுக் கரைத்தாள்.

அடுத்த நாள் காலை, யாழினி காலித் தட்டை அவளிடம் நீட்டினாள்.

"அம்மா, இன்னொண்ணு."