பேசாத கம்பி

"இது பேசும், மேடம்," என்றார் கடைக்காரர். "கறிக்குள்ள செருகி வெச்சா, வெந்ததும் அதுவே குரல் கொடுக்கும்."

அவள் கணவன் விலை அட்டையைத் திருப்பிப் பார்த்தான். சூடான பாத்திரத்தைத் தொட்டவன் மாதிரி பெட்டியைக் கீழே வைத்தான்.

"பேசுற கம்பி வேண்டாங்க. பேசறதுக்கு எங்க அண்ணி இருக்காங்க."

சின்ன மருமகளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணியின் வாய் அப்படி.

ஞாயிற்றுக்கிழமையானால் அண்ணன் தோட்டத்தில் கரி அடுப்பு மூட்டி முழுக்கோழி சுடுவார். மூடியைத் தூக்கி மோந்து பார்த்தே பதம் சொல்வார். சொந்தபந்தம் வாயைப் பிளக்கும். கட்டின மனைவியான பெரியவள் மட்டும் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, போனை விட்டுக் கண்ணெடுக்காமல், அத்தனை பேர் முன்னாலும் அவரை விரட்டுவாள்.

"அண்ணன் மூக்கே தெர்மாமீட்டர்தானே. நமக்கு எதுக்குடி இது?" என்றான் கணவன்.

"பயமா இருக்குங்க." இடுப்பில் இருந்த பாப்பாவை இறுக்கிக்கொண்டாள். போன மாதம் யார் வீட்டு விருந்திலோ அரைவேக்காட்டுக் கோழி. அந்தப் பிஞ்சுக் கையில் ட்ரிப்ஸ் ஏறியது இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. "மாமா மூக்கு ஒருநாள் தப்பிடுச்சுன்னா?"

கடைக்காரர் கீழ்த்தட்டிலிருந்து சின்னப் பெட்டி ஒன்றை எடுத்தார். "அப்ப இதைப் பாருங்க. ஒத்தைக் கம்பி, வயர் கிடையாது. கறிக்குள்ள செருகிட்டா உத்துப் பார்த்தாத்தான் தெரியும். சூடு எத்தனை டிகிரின்னு போன்ல வந்துடும். விலை குறைச்சல்னு யோசிக்காதீங்க, இதுதான் அதிகமா போகுது. போன்ல ஒரு பேரு மட்டும் வெச்சுக்கோங்க. பக்கத்துல இன்னொரு கம்பி இருந்தாலும் குழம்பாது."

"வெளிய தெரியாதுல்ல?"

"தெரியாது மேடம்."

"நிஜமா?"

"வாங்கிட்டுப் போறதே தெரியாத மாதிரி பை தரவா?" என்று சிரித்தார்.

கம்பிக்கு 'பாப்பா' என்று பேர் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. தோட்டம் முழுக்க ஆட்கள். கரி கனன்றது. அண்ணன் மூடியைத் தூக்கி, கண்ணை மூடி, நீளமாக மோந்தார்.

"இன்னும் கொஞ்சம் போகணும்."

"அடடா, என்ன மூக்குப்பா!" என்றார் அவருடைய ஆபீஸ் நண்பர்.

"மூக்கு இருந்து என்ன, கை நகரலையே! திருப்பிப் போடுங்க!" என்றாள் பெரியவள், போனைப் பார்த்தபடியே.

அவர் உடனே கோழியைத் திருப்பிப் போட்டார். மாமியாருக்கு முகம் சுண்டிவிட்டது. "என் பிள்ளை நெருப்புல வேகறான். இவளுக்குப் போனும் அதிகாரமும்."

மாமா கைகழுவப் போனால் கம்பியைச் செருகிவிடலாம். சின்னவள் அதை முந்தானையில் மறைத்துக்கொண்டு, பாப்பாவோடு பெரியவளுக்குப் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். மாமா பார்த்துவிட்டால் 'என் மேல நம்பிக்கை இல்லையாம்மா?' என்பாரே!

கம்பி வேலை செய்கிறதா என்று போனைத் திறந்தாள்.

'அருகில் உள்ள கம்பிகள்' என்று திரை காட்டியது. ஒன்று: 'பாப்பா'.

அதன் கீழே இன்னொன்று: 'அவர் மூக்கு'.

சின்னவள் மெல்லத் திரும்பினாள். பெரியவள் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த போனிலும் அதே திரை. எழுபதிலிருந்து எழுபத்தொன்றுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

"அக்கா..."

பெரியவள் அவள் முந்தானையைப் பார்த்தாள். அவள் போனைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள்.

"நீயும் அந்த மலிவுக் கம்பிதான் வாங்கினியா?"

"அப்போ மாமாவோட மூக்கு?"

"ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு காய்ச்சல் வந்துதே, அதோட போச்சு. இப்போ ரோஜாவும் சாக்கடையும் அவருக்கு ஒண்ணுதான்." குரலைத் தாழ்த்தினாள். "அடுப்புப் பக்கமே போகமாட்டேன்னு மூலையில உக்காந்துட்டார். பார்க்கச் சகிக்கல. அடுக்களையிலேயே ரெண்டு பேரும் கம்பியைச் செருகிடுவோம். அவரே போனைப் பார்த்தா குட்டு உடைஞ்சிடும். அதான் நான் கத்தறேன். திருப்பணும்னா ஒரு திட்டு, இறக்கணும்னா 'தூங்கிட்டீங்களா'."

"எல்லாரும் உங்களைத்தானேக்கா தப்பா பேசறாங்க!"

"பேசிட்டுப் போகட்டும். அவர் மூக்கு எல்லார் வாயிலயும் இருக்குல்ல, அது போதும்." பாப்பாவின் கன்னத்தைக் கிள்ளினாள். "அதுவும் இந்தக் குட்டி சாப்பிடற கோழி. வெறும் மூக்கை நம்பி விட்டுடுவேனா?"

சின்னவள் தன் கம்பியை மறுபடி பெட்டிக்குள் வைத்தாள்.

போனில் எழுபத்து நாலு வந்தது, கோழி வெந்து இறக்க வேண்டிய சூடு. பெரியவள் வாயைத் திறந்தாள், இருமல் வந்துவிட்டது. காற்று மாறி அடுப்புப் புகை முழுக்க அவள் தொண்டைக்குள். கையை ஆட்டினாள். குரல் வரவில்லை.

அடுப்படியில் மாமா வேர்த்துப்போய் நின்றார். காது மட்டும் இந்தப் பக்கம்.

சின்னவள் எழுந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மாமா முன்னால் சத்தமாகச் சிரித்துக்கூட அறியாதவள், அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"என்ன மாமா, நின்னுக்கிட்டே தூங்கிட்டீங்களா?"

மாமா திகைத்துத் திரும்பினார். மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே தலையை ஆட்டினாள். அவர் முகம் மலர்ந்தது. மூடியைத் தூக்கி, நெஞ்சு விரிய மோந்தார்.

"ஆச்சு! மூக்கு சொல்லிடுச்சு. முதல் துண்டு பாப்பாவுக்கு!"

எல்லோரும் கை தட்டினார்கள். மாமியார் மட்டும் பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து முணுமுணுத்தாள்:

"பார்த்தீங்களா, பெரியவளோட சேர்ந்து சின்னவளும் கெட்டுப் போயிட்டா!"