வேண்டாதவை

பனிப்பேரி மறுபடி ஆள் தேடுகிறாள்.

அவள் விளம்பரம் எங்கள் இணையக் கதைக் குழுவில் ஏறி ஆறு நிமிடம்தான் ஆகியிருந்தது. தைபே துணிச்சந்தையின் இரண்டாம் மாடியில், எங்கள் கடையில், வெல்வெட் உருளைகளில் சாய்ந்துகொண்டு கைப்பேசியில் அதைத் திறந்தேன்.

முன்னால் அம்மா ஒரு பெண்ணுக்குத் திரைத்துணி காட்டிக்கொண்டிருந்தாள்.

“அழகி, இதுக்கும் கீழ எறங்கணும்னா துணியோட சேத்து என்னையும் மடிச்சுக் குடுக்கணும்.”

“உங்கள வச்சு நான் என்ன பண்ண முதலாளியம்மா? ஜன்னல்ல தொங்கவிடவா?”

அம்மா சிரித்தாள். விலை படியும்வரை சிரிப்பாள்.

பனிப்பேரியும் நானும் எட்டு மாதம் சேர்ந்து கதை எழுதினோம். வயது வந்தவர்களுக்கு மட்டுமான குழு. நான் போர்க்காலத் தளபதி, அவள் தேநீர்விடுதிப் பாடகி. நான் என் பங்கை எழுதினால் பதிலுக்கு அவள் தன் பங்கை எழுதுவாள். கட்டில்வரை போகிற கதைதான், மறைக்க என்ன இருக்கிறது. பனிப்பேரி குழுவில் அவள் வைத்துக்கொண்ட பெயர்; நிஜப் பெயர் தெரியாது, முகம் தெரியாது. மீசை வைத்த தளபதிக்குப் பின்னால் முப்பத்தெட்டு வயதுத் துணிக்கடைக்காரி இருப்பது அவளுக்கும் தெரியாது.

கூட்டுக்கு ஆள் தேடுகிறவர் அங்கே நிபந்தனைகளை முதலிலேயே ஒட்டிவிட வேண்டும். மூன்று பத்திக்குக் குறையக் கூடாது. சொல்லாமல் காணாமல் போகக் கூடாது. என் பாத்திரம் என்ன செய்யும் என்பதை நீ எழுதக் கூடாது. கடைசியாக, கதையில் வரவே கூடாதவை: ‘வேண்டாதவை’.

சிலருக்கு அது மளிகைப் பட்டியல் மாதிரி நீளும். பனிப்பேரிக்கு ஒரே வரி.

பூட்டிய அறை வேண்டாம்.

ரத்தம் சரி. துரோகம் சரி. சாவுகூடச் சரி. பூட்டிய அறை மட்டும் வேண்டாம்.

அந்த வரியில் யாரும் பேரம் பேச மாட்டார்கள். அதுதான் அங்கே மரியாதை. ஆனால் நான் வளர்ந்த மாடியில், ஒட்டிய விலை என்றால் பேச்சு அங்கிருந்து தொடங்குகிறது என்று அர்த்தம்.

தளபதிக்குப் பாடகிமேல் சந்தேகம். பிடித்து அடைத்துவைத்தால் கதை எகிறும் என்று எனக்கு ஆசை. பூட்ட வேண்டாம், சும்மா சாத்திக்கொள்ளலாம் என்று ஆரம்பித்தேன். மாட்டேன் என்றாள். ஒரே ஒரு ராத்திரி என்றேன். வேண்டாமே என்றாள். ஒரு ஜன்னல் வைத்துத் தருகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம்தான்.

உடனே நான் சந்தைக்கு வருகிறவர்கள் செய்வதைச் செய்தேன். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடப்பது. திரும்பிப் பார்க்கக் கூடாது. ஐந்து அடிக்குள் கூப்பிடுவார்கள்.

“பரவாயில்ல, நான் வேற ஆள் பாத்துக்கறேன்” என்று அனுப்பிவிட்டுக் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

நாற்பது நிமிடம் ஆனது.

“சரி, எழுதறேன். போகாதீங்க.”

பெரிய கொள்முதலை முடித்த மாதிரி எனக்கு ஒரு குஷி.

பதினான்கு பத்தி வந்தது. கதவின் அடியில் ஒரு வெளிச்சக் கோடு. அதை மறைத்துக்கொண்டு வெளியே இரண்டு ரப்பர் செருப்புகள். அவை போகவுமில்லை, கதவைத் திறக்கவுமில்லை. உள்ளே இருப்பவள் தரையில் கன்னத்தை வைத்து, செருப்பின் தேய்ந்த விளிம்பைப் பார்த்துக்கொண்டே கிடக்கிறாள்.

எட்டு மாதத்தில் அவள் அப்படி எழுதியதில்லை. வேறு யாருமே எழுதி நான் படித்ததில்லை.

“பிரமாதம்! ஒரே ஒரு தப்பு. அந்தக் காலத்துல ஏதுங்க ரப்பர் செருப்பு? தளபதி பூட்ஸ்தானே போட்டுக்கிட்டு இருப்பாரு” என்று எழுதினேன். பக்கத்தில் சிரிக்கும் பூனைப் படம் ஒன்று.

“மன்னிச்சுக்குங்க. மாத்திடறேன்.”

மாற்றிவிட்டாள்.

மறுநாள் முறைப்படி விடைபெறும் குறிப்பு வந்தது. எட்டு மாதமும் நன்றாக இருந்தது, உங்கள்மேல் குறை ஒன்றும் இல்லை, தளபதிக்கு நல்ல கூட்டு அமையட்டும்.

எனக்குக் கோபம்தான் வந்தது. மூன்று நாள் கோபம். நாலாம் நாள் கடையைச் சாத்துகிற நேரம், பாதி இறக்கிய ஷட்டருக்கு அந்தப் பக்கம் அம்மா சாவி தேடிக்கொண்டு நின்றாள். உள்ளே குனிந்து கூட்டிக்கொண்டிருந்த என் கண்ணுக்கு அவள் கால்கள் மட்டும் தெரிந்தன.

ரப்பர் செருப்பு.

துடைப்பத்தைப் பிடித்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். பனிப்பேரி எழுதியது கற்பனை இல்லை, அப்படி ஒரு கதவுக்குள் அவளே கிடந்திருக்கிறாள். காது மடல்வரை சுட்டது.

அன்றிலிருந்து ஒரு மன்னிப்பை எழுதி எழுதி வைத்திருக்கிறேன். எப்படித் தொடங்கினாலும் கடைசியில் இந்த வரி வந்து உட்கார்ந்துவிடும். ‘திரும்பி வாங்க, இனிமே எல்லாக் கதவும் தொறந்தே இருக்கும்.’ வெட்டினால் வேறு உருவத்தில் வருகிறது. மன்னிப்புக் கேட்கும்போதுகூட என் வாய்க்குப் பேரம்தான் வருகிறது.

இன்றைக்கு எப்படியும் அனுப்பிவிடுவது என்றிருந்தேன். அவள் மறுபடி எழுத வந்துவிட்டாளே, பெரிதாக ஒன்றும் ஆகியிருக்காது.

முன்னால் அந்தப் பெண் பையை மாட்டிக்கொண்டு படிக்கட்டை நோக்கி நடந்தாள். இரண்டு. மூன்று. நாலு.

“ஏய் அழகி, நில்லு! சரி, ஒன் வெலைக்கே எடுத்துட்டுப் போ!”

அந்தப் பெண்ணின் முதுகு சிரித்ததை நான் பார்த்தேன்.

விளம்பரத்தைக் கீழே தள்ளினேன். எல்லாம் பழையபடியே இருந்தது. மூன்று பத்தி. சொல்லாமல் போகக் கூடாது. என் பாத்திரத்தை நீங்கள் எழுதக் கூடாது.

கடைசி வரிக்கு வந்தேன்.

வேண்டாதவை: பேசிக்கலாம்.

அதற்குள் பதினொரு பேர் ‘நான் வரேன்’ என்று கை தூக்கியிருந்தார்கள்.