நடுவில் ஒரு கறுப்பு

ஏழாவது ரிஃப்ளெக்டரையும் டார்ச்சில் மாட்டி, பட்டறையின் ஷட்டரை இறக்கிவிட்டுச் சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்தேன்.

நடுவில் அதே கறுப்பு ஓட்டை.

வந்த கோபத்துக்கு டார்ச்சையே தூக்கி எறிந்திருப்பேன். மகள் பக்கத்தில் நின்றதால் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவள் வேலையில் சேர்கிறாள். ரயில் பாதையோடு நடந்து விரிசல் பார்க்கிற வேலை. கடையில் விற்கிற டார்ச்சின் வெளிச்சம் பத்தடி தாண்டினால் பரந்து போய்விடும். அதை நம்பியா என் பெண் இருட்டில் தண்டவாளத்தில் நடப்பாள்? முப்பது வருஷமாக லேத்தில் நிற்கிறவன் நான். அலுமினியத்தைக் கடைந்து, குழிவைத் தகர அச்சு வைத்துச் சரிபார்த்து, பளபளவென்று பாலீஷ் போட்டு, வெளிச்சம் சிதறாமல் நீளமாகப் போகிற மாதிரி நானே செய்து தருகிறேன் என்று வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.

பல்பு ஒரு நூல் முன்னே பின்னே இருந்தாலும் வட்டத்துக்கு நடுவே இருட்டு விழும். தொழில் தெரிந்தவனுக்கு இது தெரியும். பல்பைத் தள்ளி வைத்துப் பார்த்தேன். குழிவை ஆழமாக்கினேன். வெர்னியர் அளவுகோலில் கோடுகள் தேய்ந்து தொலைந்துவிட்டன, அளவை அவள்தான் படித்துச் சொன்னாள். பல்பு விற்றவனின் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். டார்ச்சை எந்தப் பக்கம் திருப்பினாலும் சனியன் கூடவே வந்தது. முதல் ஆறையும் சுத்தியலால் நசுக்கிப் போட்டேன்.

அவளோ முதல் நாளிலிருந்தே ஓட்டையே இல்லை என்று சாதிக்கிறாள். அப்பன் மனசு நோகக் கூடாதென்று பூசி மெழுகுகிறாள். அப்படியே அவள் அம்மா புத்தி.

“எங்கப்பா ஓட்டை? எனக்குக் காட்டுங்க பாப்போம்,” என்று வெளிச்சத்துக்குள் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றாள்.

காட்டத்தான் நிமிர்ந்து பார்த்தேன்.

கழுத்து தெரிந்தது. இரண்டு பக்கமும் காது தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டை இருந்தது.

டார்ச்சை அணைத்தேன். போய் ஷட்டரை மேலே தள்ளினேன். பகல் வெயில் பட்டறை முழுக்க வந்து விழுந்தது.

அப்போதும் அவளுக்கு முகம் இல்லை.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தும் ஓட்டை போகவில்லை. காலடியில் ஆறும் நசுங்கிக் கிடந்தன. பாவி, முதலாவதையே சரியாகத்தான் செய்திருக்கிறேன்.

என்னப்பா ஆச்சு என்று கேட்டாள். இதைச் சொன்னால் அவ்வளவுதான், திங்கட்கிழமை அவள் எங்கேயும் போக மாட்டாள். எனக்குத் துணையாக இங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

“ஒண்ணுமில்லம்மா, சரியாயிடுச்சு,” என்று தடவி அவள் கையைப் பிடித்து அதில் டார்ச்சை வைத்தேன்.

நான்தான் அப்பவே சொன்னேனே என்று சிரித்தாள்.

சத்தம் மட்டும் கேட்டது.