கம்மல் வாங்கியவர்

"வைரக் கம்மலா? நாங்களா? நீங்க ஆளு மாறி வந்துட்டீகம்மா."

சுந்தராம்பாள் சிரித்துக்கொண்டே சாப்பாட்டுத் தூக்கை மேஜைமேல் வைத்தாள். பாளையம்பட்டி பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது, அவள் கணவர் தனுஷ்கோடியின் மாட்டுத்தீவனக் கடை. மத்தியான வெயிலில் வாங்க வருவார் யாருமில்லை. பருத்திக்கொட்டை மூட்டைகளுக்கு நடுவே நின்றிருந்தார் பெண் காவலர் நாகஜோதி. மதுரையிலிருந்து வந்திருந்தார்.

"கடையில வாங்குனது இல்லம்மா, ஆன்லைன்ல வாங்குனது. வைரக் கல்லு ஓரத்துல பொடி எழுத்துல ஒரு நம்பர் வெட்டியிருக்கும். பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியும். அந்த நம்பரைச் சொல்லி, வித்த கம்பெனியில கேட்டோம். தனுஷ்கோடின்னு பேரும் இந்தக் கடை அட்ரஸும் குடுத்தாக."

"எவனாச்சும் இவுக பேருல வாங்கியிருப்பான். இப்பத்தான் போன்லயே எல்லாக் களவாணித்தனமும் நடக்குதே! இவுகளுக்கு வந்த போனை எடுத்துப் பேசத்தான் தெரியும். ஏங்க, வாயத் தொறந்து சொல்லுங்களேன்."

தனுஷ்கோடி தராசுத் தட்டில் ஒட்டியிருந்த தவிட்டை விரலால் வழித்துக்கொண்டே இருந்தார்.

"ஐயா, நீங்க வாங்குனதா?" என்றார் நாகஜோதி.

"நாந்தாம்மா வாங்குனேன்."

சுந்தராம்பாளின் சிரிப்பு அப்படியே நின்றது.

"என்ன சொல்றீக?"

"ஆமா. போன மாசம். பக்கத்துக் கடைத் தம்பிதான் போன்ல எடுத்துக் குடுத்தான். கொரியர் இங்கதான் வந்துச்சு."

"எனக்குத் தெரியாமயா? அருப்புக்கோட்டையில நமக்குத் தெரியாத நகைக்கடை உண்டா?"

"அங்க வாங்குனா சாயந்தரத்துக்குள்ள உனக்குச் சேதி வந்துரும்."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. முப்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த மனுஷன். கல்யாணத்துக்கு அவள் அப்பா போட்டனுப்பிய சிவப்புக்கல் கம்மல்தான் இன்றைக்கும் அவள் காதில் இருந்தது. மாற்றித் தாருங்கள் என்று ஒரு நாளும் அவள் கேட்டதில்லை.

"எவளுக்கு?" என்றாள்.

"சுந்தரம், கொஞ்சம் பொறு."

"பொறுக்கவா? கோயமுத்தூருக்குப் புண்ணாக்கு லோடு பாக்கப் போறேன்னு போனீகளே, அப்பக் கொண்டுபோய்க் குடுத்தீகளா? இந்தப் போலீஸம்மா முன்னாலயே சொல்லுங்க. எவளுக்கு?"

தனுஷ்கோடி மனைவியைப் பார்க்கவில்லை. காவலரைத்தான் பார்த்தார்.

"அந்தக் கம்மல் உங்க கைக்கு எப்படிம்மா வந்துச்சு?"

"முதல்ல யாருக்குக் குடுத்தீகன்னு சொல்லுங்கய்யா. அதத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்."

அவர் தராசிலிருந்து கையை எடுத்தார்.

"தங்கச்செல்விக்கு. எங்க மகளுக்கு."

இரண்டு வருஷமாக அவர்கள் வாயிலிருந்து வராத பெயர். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்று எழுதி வைத்துவிட்டுப் போனவள். கோயம்புத்தூரில் ஒரு வேலையைத் தேடிக்கொண்டு, விடுதியில் தனியாகத் தங்கியிருந்தாள். மண்டபத்து வாசலில் நின்று, வந்தவர்களையெல்லாம் கும்பிட்டுத் திருப்பி அனுப்பியவள் சுந்தராம்பாள்தான். 'இனிமே அவ பேச்சை எடுத்தா என்னை உசுரோட பாக்க மாட்டீக' என்று அன்றைக்கே சொல்லியிருந்தாள்.

"அவளுக்கா?" அவள் குரல் கடைக்கு வெளியேயும் கேட்டது. "சந்தி சிரிக்க வச்சுட்டுப் போனவளுக்கு வைரக் கம்மலா? எனக்கு மக இல்ல. அவ ஒண்ணும் எனக்கு..."

"அம்மா!" நாகஜோதி சட்டென்று அவள் கையைப் பிடித்தார். "வேணாம்மா. அப்படிச் சொல்லாதீக."

அந்தப் பிடியில் சுந்தராம்பாளுக்கு ஏதோ புரிந்தது.

"மூணு நாளா போனை எடுக்கலம்மா அவ," என்றார் தனுஷ்கோடி.

"மூணு நாளைக்கு முன்னால, மதுரை பஸ் ஸ்டாண்டு வாசல்ல ரோட்டைக் கடக்கும்போது லாரி தட்டிருச்சுய்யா. அந்தக் கூட்டத்துல கைப்பையை யாரோ எடுத்துட்டான். போனும் அதோட போயிருச்சு. அந்தப் பொண்ணு யாரு, எந்த ஊருன்னு தெரியல. காதுல இருந்த கம்மலைத் தவிர எங்களுக்கு வேற துப்பு இல்ல. பெரியாஸ்பத்திரி பிணவறையில பேரில்லாமக் கெடக்கு. நீங்க வந்து பாத்துச் சொல்லணும்."

சுந்தராம்பாள் பக்கத்திலிருந்த மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. தனுஷ்கோடிதான் கல்லாப்பெட்டியில் தலையை முட்டிக்கொண்டு அழுதார்.

சற்றுப் பொறுத்து நாகஜோதி தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலம்மா. அடிபடுறதுக்கு முன்னால, அங்க ஒரு பூக்காரம்மாகிட்ட மல்லிகப்பூ வாங்கியிருக்கு. 'எங்கம்மா எனக்குக் கம்மல் குடுத்துவிட்டிருக்காக. கோவமெல்லாம் தீந்துருச்சு. இதைப் போட்டுக்கிட்டுத்தான் ஊருக்குப் போறேன். நல்லா இருக்கா?'ன்னு காதைக் காட்டிக் கேட்டுச்சாம். நீங்க என்னடான்னா, கம்மலே தெரியாதுங்கிறீக. யாரு குடுத்ததுன்னு நான் எழுதணுமேம்மா..."

தனுஷ்கோடி நிமிரவில்லை.

"உனக்குத் தெரியாம நான் குடுத்தா வாங்க மாட்டேன்னுட்டா, சுந்தரம். அதான், நீ குடுத்துவிட்டன்னு பொய் சொன்னேன்."

சுந்தராம்பாள் அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, காவலர் பக்கம் திரும்பினாள்.

"பொய்யெல்லாம் இல்ல. நாந்தாம்மா குடுத்துவிட்டேன்," என்றாள். "அப்படியே எழுதிக்கங்க."