அழிக்கவா என்று கேட்காத செயலி

பள்ளிவாசலில் அந்திநேர வாங்கு சொன்னதும் இஹ்ஸான் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டான், ஒரு மிடறு தண்ணீர் குடித்தான், உடனே போனைக் கையில் எடுத்தான்.

முன்னால் கஞ்சிக் கோப்பை ஆவி பறக்க இருந்தது. அதை அவன் பார்க்கவில்லை. அதைக் கொண்டுவந்து வைத்த முஸ்பிறாவையும் பார்க்கவில்லை.

ஒவ்வொரு திங்களும் வியாழனும் இதே கூத்துதான். கடமையில்லாத சுன்னத்தான நோன்பையும் விடாமல் பிடிக்கிற புருசன் என்று ஊரெல்லாம் பெருமை பேசித் திரிந்தவள் அவள். ஆனால் நோன்பு திறந்த கையோடு அவனுக்குப் போன் வேண்டும். கஞ்சிக்கு இரண்டாவது இடம், காய்ச்சியவளுக்கு மூன்றாவது.

போனில் இருப்பது அவனே செய்த செயலி. கல்முனை பஸாரில் கொம்பியூட்டர் திருத்துகிற கடை வைத்திருக்கிறான். ஆள் வராத நேரங்களில் உட்கார்ந்து நாலு நாளில் செய்து முடித்தானாம், அவளைக் கலியாணம் முடிப்பதற்குக் கொஞ்ச நாள் முந்தி. குறிப்பு எழுதி வைக்கிற செயலி. ஒரு வெள்ளைப் பக்கம், மூலையில் ஒரு குப்பைத்தொட்டிப் படம், அவ்வளவுதான். பூட்டுக்கூட இல்லை.

இந்த மாதிரி நூறு செயலி சும்மா கிடைக்கிறதே, பிறகு எதற்கு மெனக்கெட்டீர்கள் என்று ஒருநாள் கேட்டாள்.

"அதுகள்ள ஆயிரம் வேல இரிக்கி புள்ள. எனக்கு ஒண்டு போதும்."

எந்த ஒன்று என்று அவன் சொல்லவில்லை. ஏழு மாதமாக அது அவளை அரித்துக்கொண்டிருந்தது.

இன்று அஸர் தொழுகைக்கு அவன் பள்ளிக்குப் போனபோது போன் சார்ஜரில் கிடந்தது. முஸ்பிறா தொட்டாள். திறந்துகொண்டது.

ஸுஹைறா.

அந்தப் பெயர். அதன் கீழே ஒரு எண். வேறு எதுவுமே இல்லை.

ஸுஹைறா அவனுடைய முதல் மனைவி. மௌத்தாகி மூன்று வருடம். அவள் பெற்ற மகள் அவளுடைய உம்மா வீட்டில் வளர்கிறாள்.

முஸ்பிறாவுக்கு வயிறு எரிந்தது. உயிரோடு இருக்கிற ஒருத்தி என்றால் வாசலில் போய் நின்று நாலு கேள்வி கேட்கலாம். மையவாடியில் கிடப்பவளிடம் எதைக் கேட்பது? அவளுக்கு வயது ஏறாது. அவள் கஞ்சியில் ஒருநாளும் உப்புக் கூடிப்போகாது.

இந்த வீடு முஸ்பிறாவின் வாப்பா கட்டிக் கொடுத்தது. கட்டில், அலுமாரி, கரண்டி வரைக்கும் அவளுடையது. மாப்பிள்ளையாக வந்தபோது இஹ்ஸான் கொண்டுவந்தது ஒரு பேக்கும் இந்தப் போனும்தான். பேக்கை அவள் முதல் வாரமே துருவிப் பார்த்துவிட்டாள். மற்றவள் போனுக்குள் வந்திருக்கிறாள் என்று அப்போது தெரியாது.

விரல் குப்பைத்தொட்டியில் பட்டது. பட்டது என்ன, வைத்தாள்.

மற்றச் செயலிகள் 'அழிக்கவா?' என்று ஒரு தடவையாவது கேட்கும். இது கேட்கவில்லை. பக்கம் வெறும் வெள்ளையாகிவிட்டது. பொய் சொல்வானேன், அவளுக்கு நிரம்பச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடுதான் கஞ்சிக்குத் தேங்காய் துருவினாள்.

இப்போது இஹ்ஸான் திரையை மேலே தள்ளினான், கீழே தள்ளினான். மூடினான், திறந்தான். முகம் செத்துப் போயிருந்தது.

அவன் கத்துவான், அப்போது திருப்பிக் கேட்டுவிடலாம் என்றுதான் அவள் காத்திருந்தாள். அவன் கத்தவில்லை.

"நான் எழுதினதுலதான் ஏதோ பிழ. அழிக்க முந்திக் கேக்கிற மாதிரி வெச்சிருக்கணும். நம்மட வீட்டுல யாரு தொடப்போறாங்க எண்டு விட்டுட்டன்."

பிறகு, முதல் தடவையாக, அந்த ஒன்று எது என்று சொன்னான்.

"மகள் வயித்துல இரிக்கக்குள்ள, பால் குடுக்கக்குள்ள எண்டு ஸுஹைறா விட்ட நோன்பு எழுபத்திரண்டு. பொறகு பிடிக்கிறன், பொறகு பிடிக்கிறன் எண்டாள். அதுக்கு நாள் கிடைக்கல்ல. அவட கழாவ, அந்த விட்ட நோன்பத்தான் நான் பிடிச்சிக்கிட்டு வாறன். எத்தின மிச்சம் எண்டு இதுலதான் வெச்சிருந்தன்."

அப்படியானால் சுன்னத்தான நோன்பு இல்லை. முஸ்பிறா விடியுமுன் எழும்பி எழும்பிச் சஹருக்கு ஆக்கிய சோறெல்லாம் ஸுஹைறாவின் நோன்புக்குத்தான் போயிருக்கிறது.

ஒவ்வொரு நோன்புக்கும் எண்ணில் ஒன்றைக் குறைப்பான். போனில் இருக்கிறதே என்று மனதில் வைக்கவில்லை. எத்தனை பிடித்தோம் என்பதில் சந்தேகம் வந்தால், நிச்சயம் வரும்வரை பிடிக்கத்தான் வேண்டும். அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"சந்தேகத்தோட விட ஏலா. முதல்ல இருந்து பிடிப்பம்," என்றான்.

வெள்ளைப் பக்கத்தில் மறுபடியும் அந்தப் பெயரை எழுதத் தொடங்கினான்.

எழுபத்திரண்டு. வாரத்துக்கு இரண்டு. முப்பத்தாறு வாரம். துரத்திவிட்டேன் என்று அவள் நினைத்த பெண்ணுக்கு முப்பத்தாறு வாரத்தை அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் பழி செயலியோடு போய்விடும். யாருக்கும் தெரியவராது. முஸ்பிறா நல்லவளாகவே இருக்கலாம், கஞ்சி காய்ச்சிக் கொண்டே.

திரையில் பெயர் முழுதாக வந்துவிட்டது. அதன் கீழே அவன் ஏழு என்று அடித்தான். இரண்டை அடிக்கப் போனான்.

"நாலு," என்றாள் முஸ்பிறா.

விரல் நின்றது.

"நாலு இருந்திச்சு. இண்டைக்குப் பிடிச்சதக் கழிச்சா மூணு."

நோன்பு திறந்ததிலிருந்து அப்போதுதான் இஹ்ஸான் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தான்.