இருபத்தொன்றுக்குப் பிறகு

முதல் அடி வாயில் விழுந்தது.

அடித்தது அவன்தான். ஐம்பத்தெட்டு வயது. மின்வாரியத்தில் பொறியாளர். கொசுவைத் தவிர வேறெதையும் அடித்துப் பழக்கமில்லை. கை வலித்தது. நன்றாகவும் இருந்தது.

அடி வாங்கியவர் கிதார் கலைஞர் நெவிலின் கார் ஓட்டுநர். கச்சேரி தொடங்குமுன் மேடையேறி வெந்நீர் பிளாஸ்கை வைத்துவிட்டு வந்து, முன்வரிசை ஓரத்தில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த ஆள். பாட்டு நெடுக மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஆனால் தலை ஒரு தடவைகூட ஆடவில்லை. அதுவே அவனுக்கு எரிச்சலாக இருந்தது.

இப்போது எழுந்து நின்று கத்தியும் விட்டார்.

"ஐயோ, ஐயாவப் புடிங்க! அவருக்கு என்னமோ ஆவுது!"

அதுவும் எந்த இடத்தில்!

நெவிலின் அந்தப் பாட்டு இருபத்து மூன்று நிமிடம். தாளம் முழுக்க ஏழு ஏழாக ஓடும். நடுவில் ஓரிடத்தில் எல்லா வாத்தியமும் சட்டென்று நிற்கும். மூன்று ஏழு, இருபத்தொரு எண்ணிக்கைக்குச் சத்தமே கிடையாது. நெவில் கிதாரின் மேல் தலையைக் கவிழ்த்துக்கொள்வார். இருபத்திரண்டில் கிதார் வெடிக்கும்.

அந்த இடைவெளியில் ரசிகர்கள் இருமக்கூட மாட்டார்கள். நாற்பது வருடக் கட்டுப்பாடு. பெங்களூரில் விசிலடித்த ஒருவனுக்கு இரண்டு பல் போனது. அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

ஓட்டுநரை நாற்காலிகளுக்கு இடையில் இழுத்துத் தள்ளினார்கள்.

அவன், அவனுடைய கல்லூரித் தோழன் சேஷகிரி, பின்வரிசையிலிருந்து தாண்டி வந்த இரண்டு பேர். எல்லோருக்கும் நரைத்த தலை. எல்லோர் மார்பிலும் நெவிலின் படம் போட்ட கறுப்பு பனியன்.

சத்தமில்லாமல் அடிக்க வேண்டியிருந்தது.

ஒருவர் வயிற்றில் முழங்காலை ஊன்றினார். ஒருவர் ஷூவால் விரல்களை மிதித்து, மிதித்த இடத்திலேயே திருகினார். சேஷகிரி கால்களின் மேல் உட்கார்ந்துகொண்டான். தினமும் பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் சேஷகிரி.

அவன் வாயைப் பொத்தினான். உள்ளங்கையில் சூடாக ரத்தம்.

ஓட்டுநர் கடித்தார். பல் சதையில் இறங்கியது. அவன் கத்தவில்லை. மற்ற கையால் தொடையில் தட்டித் தட்டி எண்ணிக்கொண்டிருந்தான்.

பதினேழு. பதினெட்டு.

மேடையில் நெவில் அசையாமல் இருந்தார். எழுபத்து நான்கு வயது. முக்காலியில் உட்கார்ந்து, கிதாரை மடியில் வைத்து, அதன்மேல் முகம் கவிழ்ந்து. அதே கோலம். சுவரொட்டியில் இருக்கும் கோலம்.

அவன் அப்பா இறந்த வாரம் முழுக்க இந்தப் பாட்டைத்தான் கேட்டான். அடுத்த வாரம் மாடியிலிருந்து குதிக்கப் போனவன், முழுதாக இன்னொரு முறை கேட்டுவிட்டுக் குதிக்கலாம் என்று திரும்பி வந்தான். நெவிலுக்கு இதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இருபது. இருபத்தொன்று.

இருபத்திரண்டு.

கிதார் வெடிக்கவில்லை.

கைக்குக் கீழே அந்த முகம் இப்படியும் அப்படியும் ஆடியது. கண் பிதுங்கியது. அவன் இன்னும் அழுத்தினான். மூக்கும் சேர்ந்து அடைபட்டது.

சேஷகிரி காதருகே குனிந்தான். கண் கலங்கியிருந்தது.

"இரட்டிப்பு பண்றார்டா. நாற்பத்திரண்டு போறார்!"

அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. வாழ்நாளில் ஒரு தடவை கேட்கக் கிடைப்பது. அதைக் கெடுக்க வந்த ஆளின் தலையை முடியோடு பிடித்து நாற்காலிக் காலில் மோதினான். இரண்டாம் தடவையும் மோதினான். பாவம் என்று தோன்றவே இல்லை.

பின்னால் எண்ணூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினார்கள். டிரம்ஸ்காரர் குச்சிகளைத் தூக்கியபடி நெவிலின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் அந்த முதுகுதான் தெரிந்தது.

நாற்பது. நாற்பத்தொன்று.

கிதார் மடியிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்தது.

ஆறு தந்தியும் ஒன்றாக அலறின. ஒலிபெருக்கிகள் அதிர்ந்தன. கிதாரின் பின்னாலேயே நெவிலும் முக்காலியிலிருந்து சரிந்தார். டிரம்ஸ்காரர் ஓர் அடி அடித்தார். அடுத்த அடிக்குத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது.

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது.

கூச்சல், விசில், அழுகை. யாரோ நாற்காலி மேல் ஏறி நின்று நெவில், நெவில் என்று கதறினார்கள். முழங்காலை ஊன்றியிருந்தவரும் எழுந்துவிட்டார். சேஷகிரியும் எழுந்துவிட்டான்.

கைதட்ட இரண்டு கையும் வேண்டும். அவன் அந்த வாயை விட்டான்.

ஓட்டுநர் கத்தவில்லை. நாற்காலிகளுக்கு அடியிலேயே ஊர்ந்து போனார். படியில் ஒரு முறை விழுந்தார். மேடைக்குப் போய் நெவிலைப் புரட்டி, சட்டைப் பொத்தான்களைப் பிய்த்து, மார்பில் காதை வைத்தார்.

கேட்கவில்லை போலிருக்கிறது.

காதை மாற்றி வைத்தார். ஒரு காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, மறு காதை அழுத்தி வைத்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி அரங்கத்தைப் பார்த்தார். கிழிந்த உதட்டின் மேல் ஒரு விரலை வைத்தார். விரல் வளைந்திருந்தது.

கொஞ்சம் சும்மா இருங்கள் என்று கெஞ்சினார்.

அவனுடைய கைகள் நின்றுவிட்டன.

திரும்பி சேஷகிரியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்தான்.

சேஷகிரி அவனை நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, இன்னும் பலமாகத் தட்டினான்.